ஊறுகாய் ஜாடியில் பெருமாள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். வீட்டில் ஏதாவது ஒன்று திடீரென்று பளபளவென்று மின்ன ஆரம்பித்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். யார் எதை எடுத்துப் பூசினார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

போன மாதம் என் மகன் சமையலறைச் சுவருக்குப் புது டைல்ஸ் போட்டான். டைல்ஸ் இடுக்கை அடைக்க இப்போதெல்லாம் சிமெண்ட் இல்லையாம், எபாக்ஸியாம். மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர், வாய் நிறையப் பேசுகிறவர். பேசிக்கொண்டே பூசினாரா, கீழே என் அடுப்பு மேடைக் கருங்கல்லில் ஒரு முழத்துக்கு அது வழிந்து, மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் சர்வ சாதாரணமாகப் பிளேடு ஒன்றை எடுத்துச் சுரண்டப் போனார். "கையை எடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகள் ஹாலிலிருந்து ஓடி வந்தாள். பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா, பஞ்சு, மூடி வைக்க ஒரு அலுமினியத் தாள், மூங்கில் குச்சி நாலு வாங்கி வரச் சொன்னேன். மூன்று நாளில் கல்லில் ஒரு கீறல் இல்லாமல் எல்லாம் உரிந்து வந்துவிட்டது. மேஸ்திரி வாயடைத்துப்போனார், அதுவே பெரிய விஷயம். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று மகன் கேட்டான். பெருமாளிடம் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் கேலி செய்யவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். சித்திரை மாதம், பெரிய விடுமுறை. மைசூரில் எங்கள் வீடு சின்னது. முன்னால் ஒரு கூடம், நடுவில் சமையலறை, பின்னால் துவைக்கிற கல்லும் கிணறும். சமையலறையின் கிழக்கு மூலையில் கோவிலாழ்வார். பெருமாள் இருக்கிற மரப்பெட்டியை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கருப்பு சாளக்கிராமம். அப்பாவின் தாத்தாவுக்கும் முந்தைய காலத்திலிருந்து வந்தது. தினமும் அப்பா குளித்துவிட்டு மடியாக உட்கார்ந்து திருமஞ்சனம் செய்வார். அந்தத் தீர்த்தம் மூன்று தரம் கையில் வாங்கிக் குடித்த பிறகுதான் அம்மா வாயில் ஒரு பருக்கை போடுவாள். பெருமாளை ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது. ஜுரமோ மழையோ, அவருக்குத் தளிகை, அதாவது சமைத்ததை, காட்டாமல் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது.

பெண்கள் அவரைத் தொடக் கூடாது. அது சட்டம். நான் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகைத்தான். அந்தக் கல்லுக்கு ஒரு சின்ன வாய் உண்டு, அதற்குள் சக்கரம் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். கல்லுக்குள் யார் போய்ச் சக்கரம் வைத்தார்கள்? எனக்கு அது ஒரு தீராத அரிப்பாக இருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அப்பா ஆலைக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆணியில் தொங்கிய இரண்டு கட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு கோவிலாழ்வாரைத் திறந்தேன். துளசியை விலக்கிப் பெருமாளை எடுத்தேன். சில்லென்று இருந்தார், நினைத்ததைவிடக் கனம். வாய் எந்தப் பக்கம் என்று திருப்பினேனோ இல்லையோ, கை நழுவி அவர் பித்தளைத் தட்டில் 'ணங்' என்று விழுந்தார். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. சக்கரமும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. அவரை எடுத்து வைத்து, துளசியை மேலே போட்டு, கதவை மூடிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். டார்ச்சை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது பார்த்தால் அது அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் மாட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா திருமஞ்சனத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். மந்திரம் நின்றதும் அம்மா திரும்பிப் பார்த்தாள். பெருமாள் மேல் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, முந்தின நாள் கண்ணில் படாதது. உச்சியிலிருந்து வாய்வரை. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா எட்ட நின்றே குனிந்து பார்த்தாள். விரிசல்தான் என்றார் அப்பா. யாரும் என்னைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்கவுமில்லை.

விரிசலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெரியப்பா. அப்பாவின் அண்ணா. அவர் வேலை நிமித்தம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றியதால், தாத்தா போகும்போது பெருமாளைச் இளைய பிள்ளையான அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பாவுக்கு அது ஆறவே இல்லை. பெங்களூரில் வந்து நிலையாக உட்கார்ந்ததும், ஷிப்டுக்குப் போகிறவன் பெருமாளை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவான் என்று வருகிறபோதெல்லாம் கேட்பார். இன்னும் பதினாறு நாளில் தாத்தாவின் திதி. எங்கள் வீட்டில்தான் நடக்கும். அன்றைக்குப் பெரியவர் என்கிற முறையில் பெரியப்பாதான் பெருமாளைக் கையில் எடுத்து ஆராதனம் செய்வார். விரிசலைப் பார்த்தால் அன்றே எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெருமாள் இல்லாத வீட்டில் அம்மா எதைக் காட்டிவிட்டுச் சாப்பிடுவாள்?

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். மின்சாரச் சாதனங்களுக்குள் வைக்கிற கம்பிச் சுருள்களுக்கு ரெசின் பூசி இறுக வைப்பது அங்கே வேலை. காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவார், சட்டையில் ஒரு மாதிரி மீனும் மருந்தும் கலந்த வாடை வரும். அந்த ரெசின்மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "ஒரு தடவை இறுகிடுத்துன்னா பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது" என்பார். எங்கள் வீட்டில் உடைந்த சொம்பு மூக்கு, குடைப்பிடி, என் சிலேட்டுச் சட்டம் எல்லாவற்றையும் அதால் ஒட்டியிருந்தார். "ஒடைஞ்சதையெல்லாம் ஒட்டுங்கோ, என் வாயை மட்டும் விட்டுடுங்கோ" என்று அம்மா சொல்வாள்.

சனிக்கிழமை இரண்டு மசிப்புட்டிகளில் ரெசினும் அதை இறுக வைக்கிற திரவமும் அப்பாவின் பையில் வந்தன. என் ஓவியப் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புதுப் பிரஷ், அணில் வால் முடி. கொடுக்க மனமில்லை, ஆனால் அந்த நிலைமையில் நான் எதை மறுப்பேன்? தேங்காய் ஓட்டில் இரண்டையும் கலந்து விரிசலில் விட்டார். விரிசலோடு நிறுத்தியிருக்கலாம். கோடு மட்டும் மின்னினால் அண்ணா கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியிருக்க வேண்டும், பெருமாள் திருமேனி முழுக்கச் சீராகப் பூசிவிட்டார். பிரஷ் அன்றோடு போயிற்று, முடி குச்சியாக விறைத்துவிட்டது.

அப்பா செய்த அடுத்த தப்பை எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. பூசிய ரெசின் நன்றாக இறுக இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் தொடாமல் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் பெருமாளை எப்படி ஒரு நாள் விடுவது? ஞாயிறு காலை, மேலே இன்னும் பிசுபிசுப்பு இருக்கும்போதே, திருமஞ்சனம் செய்து துளசி சாத்திவிட்டார். திங்கட்கிழமை பார்த்தால் துளசி இலை ஒன்று ரெசினோடு சேர்ந்து இறுகிவிட்டது, பக்கத்தில் என் பிரஷ் முடி ஒன்றும். நேற்றுச் சாத்தின துளசியைக் களைந்துவிட்டுத்தான் இன்றைய துளசியைச் சாத்த வேண்டும். இந்தத் துளசியை எப்படிக் களைவது? தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடிற்று, கல் நனையவே இல்லை. பெருமாள் மஞ்சள் கலந்த மினுமினுப்போடு மிட்டாய்க்கடைச் சரக்கு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்பா உத்தரணியில் தீர்த்தம் எடுத்து நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை.

"இது அவர் மேலே படவே இல்லையே. வார்னிஷ் மேலே பட்ட ஜலம். இதை எப்படித் தீர்த்தம்னு குடிக்கறது?"

அன்றிலிருந்து அம்மா தீர்த்தம் வாங்கவில்லை. ஆகவே சாதமும் சாப்பிடவில்லை. இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோர், அதோடு சரி. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தன் இலையை மட்டும் போடாமல் இருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வரும், அப்புறம் மோரோடு விழுங்கிவிடுவேன். இதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். பிரம்மாவாலும் முடியாதே, இவரால் எப்படி? வெந்நீரில் வைத்தார். மண்ணெண்ணெய்யில் துடைத்தார். மாடி வீட்டு அக்கா வங்கியில் வேலை பார்த்தாள், நகப்பூச்சு போடுவாள். அதை அழிக்கிற திரவத்தை அம்மா என் பேரைச் சொல்லி வாங்கி வந்தாள். என் விரல்களை அந்த அக்கா சந்தேகமாகப் பார்த்தது நினைவிருக்கிறது. அதில் பளபளப்பு கொஞ்சம் மங்கிற்று, அவ்வளவுதான். புதன்கிழமை அப்பா பேனாக்கத்தியை எடுத்தார். அம்மா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். ஆசிட் விட்டால் போய்விடுமோ என்று அப்பா தன்னையே கேட்டுக்கொண்டார். ரெசின் போகும், பெருமாள் இருப்பாரா என்று அம்மா கேட்டாள்.

ஆலையில் அப்பாவுக்குக் கீழே ஒரு தொழிலாளி இருந்தார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். அச்சுகளிலும் கருவிகளிலும் ஒட்டி இறுகின ரெசினை எடுத்துச் சுத்தம் செய்வதுதான் அவருக்கு வருஷம் முழுக்க வேலை. இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் அவரைக் கேட்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. படித்தவர் அல்லவா. வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை போய், வீட்டில் ஒரு பேப்பர் வெயிட் இருக்கிறது, கல்லால் ஆனது என்று ஆரம்பித்தாராம். பேப்பர் வெயிட்டுக்கா சார் இப்படி முகம் வாடிக் கிடக்கிறது என்று அவர் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். ஒடிசலான ஆள், விரல் நகமெல்லாம் மஞ்சள். கூடத்து வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெளியாட்களுக்கென்று இருந்த தனி டம்ளரில் அம்மா காபி கொடுத்தாள். எங்கள் பெருமாளைக் காப்பாற்ற வந்தவர், அவரைக் கண்ணாலும் பார்க்காமல் வாசற்படியில் இருந்தே வைத்தியம் சொன்னார். அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியவில்லை. இப்போது அந்த டம்ளரை நினைத்தால் எனக்குக் காபி இறங்குவதில்லை.

அவர் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பூசறதுக்கு முன்னால தின்னர் போட்டுத் தொடச்சீங்களா சார்?"

ஆலையில் எதன் மேல் பூசினாலும் முதலில் தின்னர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெசின் பிடிக்காது. இதை மற்றவர்களுக்கு விரட்டி விரட்டிச் சொல்கிறவரே அப்பாதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெருமாள் மேலே தின்னரை எப்படிப்பா ஊத்துவேன், தீர்த்தத்தாலேதான் அலம்பினேன் என்றார். பேப்பர் வெயிட் போய்ப் பெருமாள் வெளியே வந்துவிட்டார்.

தொழிலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. எண்ணெய் சாத்துவதுண்டா என்று கேட்டார். சனிக்கிழமை தோறும் எண்ணெய்க்காப்பு, அப்புறம் பால், சந்தனம் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

"அப்பப் பொழச்சீங்க. எண்ணெ ஊறுன எடத்துல இது புடிக்காதுங்க. மேலாப்புல சட்டை போட்டாப்புல நிக்கும். அவசரப்படாம இருந்தீங்கன்னா எறங்கி வந்துருமுங்க."

பிறகு விவரமாகச் சொன்னார். ஆசிட் கூடவே கூடாது, கல்லைத் தின்றுவிடும். தீயில் காட்டினால் கல் வெடிக்கும். பெயிண்ட் ரிமூவரில் நனைத்த பஞ்சைச் சுற்றி, காற்றுப் போகாமல் மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் மருந்து ஆவியாகிப் போய்விடும், வேலை செய்யாது. ஒரு நாள் கழித்து நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் பதிந்தால் மூங்கில் சிம்பால் படுக்க வைத்துத் தள்ள வேண்டும், குத்தக் கூடாது. பதியாவிட்டால் மறுபடி மூடி வைக்க வேண்டும், சுரண்டக் கூடாது. கத்தி பட்டால் கல்லில் கீறல் விழும், மூங்கில் பட்டால் மூங்கில்தான் தேயும். இதைச் சொல்லும்போது தன் பையிலிருந்து தானே சீவி வைத்திருந்த நாலு சிம்புகளை எடுத்துப் படியில் வைத்தார். எழுந்து போகும்போது, அமாவாசைக்கு மலைக்குப் போகிறேன், எங்கள் மாதேஸ்வரனுக்கு உங்கள் பேரில் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்றார். சிவன் கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பம் எங்களுடையது. அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒடைங்கோ" என்றாள்.

மருந்து வாங்க அப்பாவோடு மண்டி மொஹல்லாவுக்கு நானும் போனேன். ஆட்டோவும் கைவண்டியும் முட்டிக்கொள்ளும் சந்தில் ஒரு பெயிண்ட் கடை. கடைக்காரர் டப்பாவைக் கொடுக்கும்போது, 'கை சுடுத்தே, ஜோக்கே' என்றார், கை எரியும், ஜாக்கிரதை என்று. எந்த மரச்சாமானுக்கு என்று விசாரித்தார். அப்பா டப்பாவைத் தாளில் சுற்றிக்கொண்டார்.

அடுத்தது பாத்திரப் பிரச்சினை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது, எச்சில் படாததாக இருக்க வேண்டும். அம்மா அந்த வருஷ மாவடுவுக்கென்று புதிதாக வாங்கிய பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். வடு வந்து கூடையில் காத்திருந்தது. அப்பாவுக்கோ கை வரவில்லை. பெருமாளைப் போய் இந்த நாற்றத்தில் முக்குவதா என்று நின்றார். குழந்தைக்குக் கஷாயம் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தை அழும், கொடுக்காமல் இருப்போமா என்றாள் அம்மா. அப்பா கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு வைத்தார்.

வாடை தாங்காததால் ஜாடியைப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். வெறும் தரையில் எப்படி வைப்பது? அம்மா ஒரு கோலம் போட்டு, அதன்மேல் மணையைப் போட்டு, அதன்மேல் ஜாடியை வைத்தாள். விளக்கு ஏற்றப் போனவளை அப்பா ஓடி வந்து தடுத்தார், மருந்துக்கு நெருப்பு ஆகாது. காலையில் ஜாடியைத் திறந்து, சோப்புத் தண்ணீரிலும் பிறகு சுத்தத் தண்ணீரிலும் அலம்பி, திருவாராதனம், தளிகை. முடிந்ததும் புதுப் பஞ்சு, புது மருந்து, மறுபடி ஜாடி. பெருமாள் காலையில் கோவிலாழ்வாரிலும் மற்ற நேரம் ஊறுகாய் ஜாடியிலும் குடித்தனம் நடத்தினார். காக்கை வந்து கவிழ்த்துவிடாமல் பகலெல்லாம் காவல் இருப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

ஜாடிக்கு எதிரில் உட்கார்ந்து நான் செய்துகொண்ட பிரார்த்தனைகளுக்கு அளவில்லை. ரெசின் போக வேண்டும் என்று ஒரு மனசு. போனால் அடியில் விரிசல் தெரியும், பெரியப்பா எடுத்துக்கொண்டு போவார் என்று இன்னொரு மனசு. விரிசல் இல்லாமல் ஆகிவிட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கேட்டேன். மாதேஸ்வரனையும் கேட்டேன், அவர் கணக்கில் ஏற்கெனவே ஒரு தேங்காய் இருந்ததால் உரிமையோடு கேட்டேன்.

முதல் நாள் நகம் பதியவில்லை. அப்பா சிம்பைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். இரண்டாம் நாள் மேற்பரப்பு வெளுத்து, பாலாடை மாதிரி சுருங்கியிருந்தது. மூன்றாம் நாள் நகம் பதிந்தது. துளசி ஒட்டியிருந்த இடம் முதலில் விட்டுக்கொடுத்தது. ஒட்டினவற்றில் அதுதான் அம்மாவை மிகவும் உறுத்தியது, அது போனதும் பெருமூச்சு விட்டாள். நாலாம் நாள் மற்ற இடமெல்லாம் நெகிழ்ந்தும், அடிப்பக்கம் இரண்டு இடத்தில் மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா சிம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினார். படுக்க வெச்சுத் தள்ளணும்னு சொன்னாரே என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. சிம்பைப் படுக்க வைத்தார், பிறகு மறுபடி மூடிவிட்டார். அவர் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா விடுப்புப் போட்டார். மறுநாள் சாயங்காலம் பெரியப்பா வருகிறார். காலை ஆராதனம் ஆகி, மத்தியானம்வரை ஊறவிட்டு, துவைக்கிற கல்லில் வாழையிலை விரித்து உட்கார்ந்தார். அம்மா வெந்நீர் சொம்போடு நின்றாள். அப்பா சிம்பை ஓரமாகச் செலுத்தி மெல்லத் தள்ளத் தள்ள, ரெசின் சட்டை பாதித் தேங்காய் ஓடு மாதிரி மொத்தமாகக் கழன்று இலையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரிசலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணைத் திறந்தால் அப்பா பெருமாளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னங்கரேல் என்று இருந்தார் பெருமாள். ஒரு கோடும் இல்லை. அம்மா இலையில் கிடந்த ஓட்டைக் காட்டினாள். அதன் உள்பக்கத்தில் பழுப்பாக ஓர் அடை ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ தலைமுறை எண்ணெயும் பாலும் சந்தனமும் படிந்து காய்ந்து ஏறின அடை. விரிசல் அந்த அடையில் இருந்தது. கல்லில் இல்லை. கல்லில் எப்போதுமே இல்லை. அந்தப் பிசுக்கு இருந்ததால்தான் ரெசினும் கல்லைப் பிடிக்கவில்லை, ஆடைமேல் பட்ட சேறு மாதிரி ஆடையோடு போய்விட்டது.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். அப்படி ஒரு நிம்மதியான அழுகை அதற்குப் பிறகு என் கல்யாணத்துக்கும் வரவில்லை, என் பிரசவத்துக்கும் வரவில்லை. அப்பா இன்னொரு தரம் குளித்துவிட்டு வந்து திருமஞ்சனம் செய்தார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் கல் நனைந்து இன்னும் கறுத்தது. அம்மா கையை நீட்டி மூன்று தரம் தீர்த்தம் வாங்கினாள். பிறகு இலை போட்டு உட்கார்ந்து, சாற்றமுது சாதத்தை, ரசம் சாதம்தான், அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கே பசித்தது.

பெரியப்பா சனிக்கிழமை வந்தார். பையில் புதிதாக மூடி போட்ட ஒரு வெள்ளிச் சம்புடம், எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மறுநாள் பெருமாளைக் கையில் எடுத்தவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்பா காலத்துலகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்லைடா. என்ன பண்ணினே?"

"கொஞ்சம் அலம்பினேன் அண்ணா" என்றார் அப்பா. அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள், முதுகு குலுங்கிற்று. பெரியப்பா ஊருக்குக் கிளம்பும்போது வெள்ளிச் சம்புடத்தைப் பெருமாளுக்கே இருக்கட்டும் என்று கோவிலாழ்வாரில் வைத்துவிட்டுப் போனார். சாளக்கிராமம் விண்டுபோனாலும் ஆராதனத்துக்குத் தோஷமில்லை என்று பல வருஷம் கழித்து ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அன்றைக்கு யாரையாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் அம்மாவுக்குப் பட்டினி மிச்சம், எனக்குப் பிரஷ் மிச்சம். அந்த ரெசின் ஓட்டை, உள்ளே பிரஷ் முடியோடு, என் ஜியாமெட்ரி பெட்டியில் ரொம்ப நாள் வைத்திருந்தேன். வீடு மாறினபோது பெட்டியோடு தொலைந்தது. ஜாடியில் அதற்குப் பிறகு துணிக் கிளிப்புகள்தான் இருந்தன. அந்த வருஷம் எங்கள் வீட்டில் மாவடு இல்லை.

பெரியப்பா போன மறுநாள், திங்கட்கிழமை காலை. திருமஞ்சனம் முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். இடது உள்ளங்கையில் பெருமாள், வலது கையில் அந்த இரண்டு கட்டை டார்ச்.

"அன்னிக்கு இதைக் கோவிலாழ்வார் பின்னாடியே வெச்சுட்டுப் போயிட்டயே. நான்தான் எடுத்து மாட்டினேன்."

புதன்கிழமையே தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கோட்டைப் பார்த்தபோது யார் தொட்டார்கள் என்று அவர் கேட்காததற்குக் காரணம் அதுதான். பெரியப்பா பார்த்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அண்ணாவுக்குப் பயந்து அப்பா அந்த ரெசினைப் பூசினார் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூடப் பார்த்தது என் தப்பை.

நான் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கல்லின் வாயை என் பக்கம் திருப்பி, டார்ச்சை அழுத்தினார்.

"நன்னாப் பாத்துக்கோ. சக்கரம் தெரியறதா?"

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். தெரிந்தது.